மண்ணீரலுக்குப் போகும் நாடி

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். எண்ணெயில் பொரித்தது எதையாவது சாப்பிட்டால் வலப்பக்க விலாவின் கீழே பிடித்து இழுக்கும். குடும்ப வைத்தியர் கையால் அமத்திப் பார்த்துவிட்டு, ஒரு ஸ்கான் செய்துகொண்டு வா என்றார். வேலைக்குப் போகும் வழியில் முடித்துவிடக்கூடிய காரியம் என்றே நினைத்தேன். மகளுக்கு அன்று பள்ளிக்கூடம் இல்லை. கடையிலும் பஸ்ஸிலும் பேசும் இத்தாலியன் எனக்கு வரும், வைத்தியர்களின் இத்தாலியன் வராது என்பதால் அவளையும் கூட்டிப்போயிருந்தேன்.

ஸ்கான் செய்த பெண் வைத்தியர் கலகலப்பானவர். குளிர்ந்த பசையை வயிற்றில் தடவியபடி மகளோடு பகிடிவிட்டுக் கதைத்தார். முதலில் வலப்பக்கம். ஈரல் நன்றாக இருக்கிறது என்றார். பித்தப்பையில் மணல் மாதிரிக் கொஞ்சம் கிடக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். பிறகு கருவியை நடுவயிற்றால் இடப்பக்கம் கொண்டுபோனார். அங்கே அவருடைய கை நின்றது. கொஞ்சம் விலகிப்போய், திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது. மூச்சை இழுத்துப் பிடி என்றார். விடு என்றார். மறுபடியும் பிடிக்கச் சொன்னார். திரையில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. ஏதோ ஒரு பொத்தானை அவர் அமத்தியதும் அந்த வட்டத்துக்குள் பாதி சிவப்பும் பாதி நீலமுமாக ஏதோ சுழலத் தொடங்கியது. அதன் பிறகு அவர் பகிடி விடவில்லை.

பசையைத் துடைத்து என்னை எழுப்பி உட்காரவைத்து, மெதுவாகச் சொன்னார். மில்சாவுக்குப் போகிற நாடியில் ஒரு வீக்கம் இருப்பதுபோலத் தெரிகிறது, இன்னொரு படம் எடுத்துத்தான் உறுதியாகச் சொல்லலாம் என்றார்.

"மில்சா எண்டால் என்ன பிள்ளை?" என்று மகளைக் கேட்டேன்.

"அதுதான் அம்மா, சந்தையடியிலை பாணுக்குள்ளை வைச்சு விப்பினமே, கொழுப்பிலை வதக்கி. அது மாட்டின்ரை மில்சா. தமிழிலை என்னெண்டு எனக்குத் தெரியாது."

மண்ணீரல். சொல் எனக்கு உடனே வந்துவிட்டது. பலேர்மோவில் அந்தப் பாணைத் தெரியாதவர்கள் இல்லை. என் கணவர் விரும்பிச் சாப்பிடுவார். அந்தக் கறுத்த, பஞ்சு போன்ற துண்டுகளைப் பெரிய சட்டியிலிருந்து அள்ளுவதைப் பார்த்தாலே நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அப்படி ஒன்று எனக்குள்ளும் இருக்கிறது, அதற்கும் இரத்தம் கொண்டுபோக ஒரு நாடி இருக்கிறது என்று அன்றுவரை நான் நினைத்துப் பார்த்ததேயில்லை.

அடுத்த கிழமை கையில் ஊசி போட்டு, உடம்பெல்லாம் சுடவைக்கும் ஒரு மருந்தை ஏற்றி, வளையம் போன்ற இயந்திரத்துக்குள் அனுப்பிப் படம் எடுத்தார்கள். அதைப் பார்த்துச் சொல்லவேண்டியவர் நாடிகளுக்கான வைத்தியர். நரைத்த தாடி வைத்த, அவசரமில்லாத மனிதர். கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். முள்ளந்தண்டுக்கு முன்னால் பெருநாடி தடித்து இறங்கியது. விலா எலும்புகளுக்குக் கீழே, அதிலிருந்து குட்டையாக ஒரு தண்டு புறப்பட்டு மூன்றாகப் பிரிந்தது. ஒன்று வலப்பக்கம் ஈரலுக்கு. ஒன்று மேலே இரைப்பைக்கு. மூன்றாவது இடப்பக்கமாக, சதையி என்கிற கணையத்தின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டு, மண்ணீரலை நோக்கிப் போனது. மற்ற இரண்டும் போல அது ஒழுங்காகப் போகவில்லை. மேலேறி, கீழிறங்கி, வளைந்து வளைந்து போனது. எல்லோருக்கும் அது அப்படித்தான் இருக்கும், அதில் குற்றமில்லை என்றார். கடைசி வளைவில், மண்ணீரலுக்குள் நுழைய முன்பு, கொட்டைப்பாக்கு அளவில் ஒரு உருண்டை நின்றது. அதுதான் குற்றம்.

"எத்தனை தரம் கர்ப்பமாக இருந்தாய்?" என்று கேட்டார்.

மகள் என்னைக் கேட்காமலே "ஒரு தரம்" என்று பதில் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"மூண்டு எண்டு சொல்லு."

"என்னம்மா?"

"மூண்டு. உனக்கு முந்தி ரெண்டு பேர். ரெண்டும் பெடியள். தங்கேல்லை. பிறகு கதைப்பம், இப்ப அவருக்குச் சொல்லு."

அவள் சொன்னாள். குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது. வைத்தியர் விளக்கினார். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது இரத்தம் கூடுகிறது, நாடிகளின் சுவர் இளகுகிறது. சில பெண்களுக்கு அடுத்தடுத்துப் பிள்ளைகள் தங்கும்போது இந்த ஒரு நாடி இப்படிப் புடைத்துவிடுவதுண்டு. நான் என்ன சாப்பிட்டேன், என்ன செய்தேன் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"வெடித்தால்?" என்று நானே இத்தாலியனில் கேட்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை. "வெடித்தால் இரத்தம் வயிற்றுக்குள்ளேயே போகும். காப்பாற்ற அதிக நேரம் இருக்காது. அதனால்தான் வெடிக்க முதல் அடைக்கப்போகிறோம். வயிற்றை வெட்டத் தேவையில்லை. தொடை இடுக்கிலுள்ள நாடியால் மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே கொண்டுபோவோம். சில கிழமைகளில் கூப்பிடுவார்கள்."

அதுவரை பாரம் தூக்கக்கூடாது. முக்கக்கூடாது. இடது விலாவின் கீழேயோ இடது தோளிலோ திடீரென்று நோ வந்தால் ஒரு நிமிடமும் பாராமல் அம்புலன்சைக் கூப்பிடவேண்டும். வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் தோள் ஏன் நோகும் என்று மகள் கேட்டாள். மண்ணீரலுக்கு மேலே இருக்கும் மென்தகட்டில் இரத்தம் பட்டால், அந்தத் தகட்டின் நரம்பு கழுத்திலிருந்து வருவதால், தோள்தான் நோகிறது என்று உடம்பு ஏமாந்துவிடும் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் என்னோடு ஒட்டி உட்கார்ந்தாள். துறைமுகத்தைத் தாண்டும்போதுதான் கேட்டாள்.

"அண்ணாமாரோ அம்மா?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு பிள்ளை சொல்லுறது?"

ஒருவன் உயிரில்லாமலே பிறந்தான், மற்றவன் இடம்பெயர்ந்து போய்த் தங்கியிருந்த கொட்டிலில் சில நாட்கள் மட்டும் இருந்தான் என்று, பஸ் குலுக்கலுக்கிடையில், முன் இருக்கையின் முதுகைப் பார்த்தபடி சொன்னேன். அவள் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு என் மடியிலிருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். "நீங்கள் பாரம் தூக்கக்கூடாதாம்" என்றாள். பைக்குள் ஒரு தண்ணீர்ப் போத்தலும் குடையும்தான் இருந்தன. அவள் என் வயிற்றில் இருந்த மாதங்களில் இது வெடித்திருந்தால் இரண்டு பேருமே போயிருப்போம் என்பது அப்போதுதான் எனக்குப் பட்டது. முன் இருக்கையின் கம்பியை எட்டிப் பிடித்தேன். இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.

ஊரில் சண்டை நடந்து ஷெல் விழுந்த காலத்திலும் நான் இப்படிப் பயந்ததில்லை. அதற்கு ஒரு சத்தம் இருந்தது. சத்தம் கேட்டால் பங்கருக்குள் இறங்கலாம். இது சத்தமும் போடவில்லை, நோகவும் இல்லை. இடப்பக்கம் சரிந்து படுத்தால் அது துடிப்பது கேட்பதுபோல இருக்கும். தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். இருமல் வந்தால் விலாவைக் கையால் தாங்கிக்கொள்வேன். மலசலகூடத்தில் இருந்து முக்கப் பயந்து, அதற்காகவே பப்பாசியும் பேரிக்காயுமாகச் சாப்பிட்டேன். படிகளில் ஒவ்வொன்றாக ஏறினேன், பிள்ளைத்தாய்ச்சிபோல. என் கணவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்பவர். "கண்டுபிடிச்சது நல்லதுதானே, நீர் பயப்பிடாதையும்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் வழமைபோல வேலைக்குப் போனார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

நானும் வேலைக்குப் போனேன். ஒரு வயதான சிஞ்ஞோராவை, தனியாக இருக்கும் விதவையை, பகலில் பார்த்துக்கொள்வது என் வேலை. குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கட்டிலிலிருந்து தள்ளுநாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் மாற்றவேண்டும். அவர் என்னைவிடப் பாரம். வருத்தத்தைச் சொன்னால் அவருடைய மகன் வேறு ஆளை எடுத்துவிடுவார். வேலை ஒப்பந்தம் இல்லையென்றால் இந்த நாட்டில் இருப்பதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கமுடியாது. அதனால் வாய் திறக்கவில்லை. தூக்காமல் சமாளிக்கப் பழகினேன். படுக்கை விரிப்பைப் பிடித்து இழுத்து வழுக்கவிடுவேன். அவரையே கம்பியைப் பிடித்து எழும்பச் செய்வேன். முடியாதபோது கீழ்வாசல் காவலாளியைக் கூப்பிடுவேன். "நீ சோம்பேறியாகிவிட்டாய்" என்று சிஞ்ஞோரா ஏசினார். ஏசட்டும் என்று விட்டேன்.

ஒரு காலை நான் கதவைத் திறந்து உள்ளே போனபோது குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. நான் வருவதற்குள் தானே எழும்பிப் போயிருக்கிறார். மலசலக் கோப்பைக்கும் சுவருக்கும் இடையில் விழுந்து கிடந்தார். ஒரு கால் கோணலாக மடிந்திருந்தது.

"தூக்கு" என்றார்.

பழக்கத்தில் குனிந்து அவர் அக்குள்களுக்குள் கையைக் கொடுத்து ஒரு இழுவை இழுத்தும்விட்டேன். அந்த நொடியில் அந்த உருண்டை, திரையில் பார்த்தபடியே, என் கண்ணுக்குள் வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

"என்னால் முடியாது, சிஞ்ஞோரா."

"முடியாதா? இவ்வளவு காலமும் தூக்கினாயே!"

அம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டு ஈரத் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஏசிக்கொண்டேயிருந்தார். எனக்குத் தெரிந்த இத்தாலியன் முழுவதும் எங்கோ போய்விட்டது. அவருடைய கையை எடுத்து என் இடது விலாவின் கீழே வைத்தேன். "இங்கே. மில்சா. நாடி வீங்கியிருக்கிறது. தூக்கினால் வெடிக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

ஏச்சு நின்றது. கையை அவர் எடுக்கவில்லை.

"முட்டாள் பெண்ணே, எனக்கு ஏன் சொல்லவில்லை? நீ என்னைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது செத்து என்மேலே விழுந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?" பிறகு குரலைத் தணித்து, "பயமாக இருக்கிறதா?" என்றார்.

"ஓம்" என்றேன், தமிழிலேயே. இத்தனை வருடத்தில் அந்தச் சொல் அவருக்குப் பழகியிருந்தது.

"எனக்கும்தான். இடுப்பு உடைந்துவிட்டது என்று நினைக்கிறேன்."

அப்போதுதான் என் இடது தோள் நோகத் தொடங்கியது. முதலில் ஒரு சுள்ளென்ற நோ. பிறகு கழுத்துவரை ஏறியது. வைத்தியர் சொன்னது நினைவுக்கு வந்தது. மகள் இந்நேரம் வகுப்பில் இருப்பாள், போன் எடுக்கமாட்டாள் என்று நினைத்தேன். அவளுக்கு மத்தியானச் சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன் என்றும் நினைத்தேன். இருக்கமுடியவில்லை. அப்படியே சிஞ்ஞோராவின் பக்கத்தில் தரையில் நீட்டிப் படுத்தேன். வயிறு வீங்குகிறதா என்று கையால் தடவித் தடவிப் பார்த்தேன். அவர் என் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு மாதாவின் செபத்தைச் சொல்லத் தொடங்கினார். பாதியில் நோவில் கத்தினார். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்.

அம்புலன்ஸ்காரர்களைக் காவலாளி மாற்றுச் சாவியால் கதவைத் திறந்து கூட்டிவந்தார். இரண்டு பெண்கள் தரையில் கிடப்பதைக் கண்டு அவர்கள் திகைத்து நின்றார்கள். "நோயாளி யார்?" என்று கேட்டார்கள்.

"முதலில் இவளை" என்றார் சிஞ்ஞோரா. "எனக்கு உடைந்தது உடைந்துவிட்டது. இவளுக்கு இன்னும் உடையவில்லை."

வெடித்திருக்கவில்லை. அவசரப் பிரிவில் படமெடுத்துப் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னார்கள். சிஞ்ஞோராவை இழுத்ததில் தோள் தசை பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் தாடி வைத்த வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, இனி உன்னை வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்றார். மறுநாளே செய்தார்.

மயக்க மருந்து தரவில்லை. தொடை இடுக்கை மட்டும் விறைக்கவைத்தார்கள். அந்த அறை குளிர்ந்தது. தலையைத் திருப்பினால் திரை தெரிந்தது. பார்க்காமல் இருக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை. ஒரு மெல்லிய கம்பி பெருநாடிக்குள் மேலே ஏறியது. எனக்கு எதுவுமே தெரியவில்லை என்பதுதான் பயங்கரமாக இருந்தது. அவர்கள் மருந்தைச் செலுத்தும்போது மட்டும் வயிறு முழுக்கச் சூடு பரவியது. உடனே திரையில் ஈரலுக்கும் இரைப்பைக்கும் போகும் கிளைகள் ஒரு கணம் கறுப்பாகத் தெரிந்து மறைந்தன. கம்பி மூன்றாவது நாடிக்குள் திரும்பியது. முதல் வளைவைத் தாண்டியது. அடுத்ததில் நின்றது.

வைத்தியர் அதுவரை எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்தினார். தாதியிடம் வேறொரு கம்பி கேட்டார். அதுவும் போய் நின்றது. மூன்று பேர் திரைக்கு முன்னால் தலையைச் சேர்த்து மெல்லக் கதைத்தார்கள். எனக்கு இது விளங்கவேண்டாம் என்றுதான் மெல்லக் கதைக்கிறார்கள் என்று நினைத்தேன். கம்பி குத்தி நாடி கிழிந்தால் எப்படியிருக்கும், சூடாக இருக்குமா, தூக்கம் வருமா? "மாதாவே, என்ரை பிள்ளையைத் தாயில்லாப் பிள்ளையாக்கிப்போடாதேயும்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. தாதி வந்து என் நெற்றியில் கையை வைத்தாள்.

பிறகு கம்பி அந்த வளைவில் திரும்பியது. வைத்தியர் "ஆ" என்றார், நீண்ட மூச்சோடு. தலைமயிர் போன்ற மெல்லிய உலோகச் சுருள்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார்கள். அவை உருண்டைக்குள்ளும் அதன் இரு வாசல்களிலும் சுருண்டு நிரம்பின. கடைசியாக மருந்து செலுத்தியபோது அந்த வட்டத்துக்குள் எதுவும் போகவில்லை.

"நாடியை அடைத்தால் மண்ணீரல் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"இரைப்பையின் இடப்பக்கத்திலிருந்து சின்னச் சின்ன நாடிகள் அதற்குப் போகின்றன. இவ்வளவு நாளும் கொஞ்சமாகத்தான் வேலை செய்தன. இனி அவைதான் பார்க்கவேண்டும்" என்றார்.

அன்று பின்னேரமே இடப்பக்கம் நோகத் தொடங்கியது. முன்பு நோகாத இடம் இப்போது நொந்தது. மூச்சை இழுக்கவிடாத நோ. அடுத்த நாள் காய்ச்சல் வந்தது, சத்தியும் வந்தது, குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. சின்ன நாடிகள் கைவிட்டுவிட்டன, உள்ளே மண்ணீரல் அழுகுகிறது என்றே நம்பினேன். பாணுக்குள் வைக்கும் அந்தக் கறுத்த துண்டுகள் கண்ணுக்குள் வந்து வந்து போயின. மண்ணீரலின் கீழ்மூலையில் ஒரு துண்டுக்கு இரத்தம் கிடைக்கவில்லை, அதுதான் இந்தக் காய்ச்சல், பெரும்பாலும் தானாக ஆறும் என்றார்கள். அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் மேலும் பயந்தேன்.

கணவர் பக்கத்தில் இருந்து ஈரத்துணியால் என் முகத்தைத் துடைத்தார். அவர் கையில் எப்போதும் எலுமிச்சை போட்டுக் கழுவினாலும் போகாத மீன்மணம் ஒன்று இருக்கும். அன்று இல்லை.

"வேலைக்குப் போகேல்லையோ?" என்று கேட்டேன்.

"போறன். மீன் வெட்டுறேல்லை. கோப்பை கழுவுறன்."

"ஏன்?"

கொஞ்ச நேரம் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். "உமக்கு வருத்தம் எண்டு சொன்ன அண்டைக்கு அடுத்த நாள், ஒரு பெரிய மீனின்ரை வயித்தைக் கீறினன். ஈரல், குடல், இரத்தம். கை விறைச்சுப்போச்சு. கத்தியை வைச்சிட்டு வெளியிலை போய்க் கடற்கரையிலை இருந்திட்டன். முதலாளியிட்டைக் கேட்டுக் கழுவுற இடத்துக்கு மாறினன்."

"எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே நீங்கள்."

"உமக்கு இருந்த பயம் போதாதே?" என்றார். திருமணம் செய்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்று கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்து அழுதார். பக்கத்துக் கட்டில் பெண் எங்களுக்காக முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

காய்ச்சல் விட ஒரு கிழமைக்குமேல் சென்றது. பிறகு எடுத்த படத்தில் கீழ்மூலை செத்திருந்தது, மிச்சம் உயிரோடிருந்தது. இரைப்பையிலிருந்து போன அந்தச் சின்ன நாடிகள் முன்பைவிடத் தடித்திருந்தன. மண்ணீரல் முழுதாக வேலை செய்யாவிட்டாலும் கிருமிகள் தொற்றாதிருக்கத் தடுப்பூசிகள் போட்டு அனுப்பினார்கள்.

சிஞ்ஞோராவுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பிறகு அவர் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. மகன் தன் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார். நான் பயந்தபடியே வேலை போனது. ஆனால் எனக்கு இன்னொரு இடத்தைத் தேடித் தந்ததும் சிஞ்ஞோராதான், கட்டிலில் கிடந்தபடியே தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்து. பகேரியாவில், வேலைக்குப் போகும் தம்பதியின் வீடு. சமையலும் துப்புரவும் மட்டும்.

முதல் நாள் ரயிலில் போனேன். அந்த வீட்டுப் பெண் அறைகளைக் காட்டிக்கொண்டு வந்து, ஒரு பழைய அலுமாரியின் முன்னால் நின்று, இதைக் கொஞ்சம் நகர்த்தித்தான் பின்னால் கூட்டவேண்டும் என்றார். பயம் என்னைவிட்டுப் போய்விடவில்லை, இப்போதும் போகவில்லை. ஆனால் இம்முறை வாயைத் திறந்தேன். வயிற்றுக்குள் ஒரு நாடியை அடைத்திருக்கிறார்கள், பாரமானதைத் தள்ளமாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அவர் என்னையும் அலுமாரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படியென்றால் சனிக்கிழமை என் கணவர் நகர்த்தட்டும்" என்றார். "கோப்பி குடிக்கிறாயா?"